மச்சான் கடையும் முனகிய டிரான்ஸ்ஃபார்மரும்

முடிதிருத்துபவருக்குக் கையில் கத்தரி வந்தால் வாய் தானாகப் பாட்டு முனகும். தெருவறிந்த விஷயம். அதனால் அன்று முனகல் கேட்டதும் நாற்காலியில் இருந்த தபால்காரர், "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க, தலை வலிக்குது" என்றார்.

"நான் வாயே திறக்கலையே."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். முனகல் நிற்கவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால், கம்பத்தின் மேலே டிரான்ஸ்ஃபார்மர் பல்வலிக்காரனைப் போல உறுமிக்கொண்டிருந்தது.

மின்சார அலுவலகத்துப் பொறியாளர் அம்மா வந்து அளந்து பார்த்தார். "லோடு முக்கால்வாசிதான் இருக்கு. ஆனா இப்படிக் கொதிக்குதே. இந்தத் தெருவுல புதுசா என்ன வந்திருக்கு?"

தெருவே எதிர்ப்பக்கம் திரும்பியது. அங்கே முடிதிருத்துபவருடைய மனைவியின் தம்பி திறந்த விளக்குக் கடை. கூரை, சுவர், படி, கழிப்பறைக் கதவு என்று எங்கும் எல்இடி. அதனால் ஆளுக்கே 'பளபளா' என்று பெயர்.

"என்னோடது பூரா மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற விளக்கு மேடம்," என்றான் பளபளா. "டிரான்ஸ்ஃபார்மர் எனக்குக் கும்பிடு போடணும்."

"குறைச்சலாத்தான் குடிக்குது. குடிக்கிற விதம்தான் சரியில்ல. பழைய பல்பு சீராக் குடிக்கும். உங்க மலிவு விளக்கு, மின்சார அலை உச்சிக்கு வர்றப்ப மட்டும் மடக்குன்னு விழுங்கிட்டுச் சும்மா இருக்கும். ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல. ஆயிரக்கணக்குல ஒண்ணாச் சேர்ந்து விழுங்கினா மேல இருக்கிற சுருள் சூடாகும், நியூட்ரல் கம்பியும் காயும்."

பளபளா நம்பவில்லை. சரி, அணைத்தே பார்த்துவிடலாம் என்று முடிதிருத்துபவர் உள்ளே போனார். சுவரை அணைத்ததும் முனகல் தணிந்தது. கூரையை அணைத்ததும் இன்னும் அடங்கியது. கடைசி சுவிட்சைத் தட்டியதும் கழிப்பறைக்குள்ளிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"மாப்பிள்ள, இது உங்க வேலையா?"

"டிரான்ஸ்ஃபார்மருக்காக மாமா."

"எனக்காக ஒரு நிமிஷம் போட்டு விடுங்க."

பொறியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்த மடக்கு மடக்கான குடியைச் சீராக்கும் ஃபில்டர் பெட்டி ஒன்றை மாட்டச் சொன்னார். அதுவரை பாதி விளக்குதான். பெட்டி வரும்வரை பளபளா அக்கா புருஷனோடு பேசவில்லை. வந்ததும் பேசியே ஆகவேண்டியிருந்தது. பெட்டி ஒரு பீரோ கனம், தூக்க ஆள் வேண்டும்.

வைக்க வேறு இடமில்லாமல் அதை விளக்குக் கடையின் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால், விற்பனைச் சரக்குகளோடு நிறுத்தினார்கள். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் முதலில் அதற்குத்தான் விலை கேட்கிறார்கள்.

"இது எப்படி எரியும்?"

"எரியாதுங்க," என்பான் பளபளா பெருமையாக. "மத்ததை ஒழுங்கா இருக்க வைக்கும்."

"அப்போ வீட்டுக்கு ரெண்டு குடுங்க."