காணாமல் போன ஒன்றரை அங்குல மழை

தினமும் ஏழு மணி நேரம் நான் பத்மினிக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணோடு அவ்வளவு நேரம் பேசியவன் அன்றைய மலாக்காவில் வேறு எவனும் இருந்திருக்க முடியாது. பேசியதெல்லாம் மழை அளவு என்பது மட்டும்தான் குறை.

ஐம்பத்தேழாம் வருஷம். நாங்கள் இருவரும் மழைக்கணக்கு அலுவலகத்தில் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள். கிளேபாங், புக்கிட் பாரு, புக்கிட் ரம்பாய் என்று பதினெட்டு இடங்களில் மழையை அளந்து எழுதிய ஏடுகள் இருபத்தேழு வருஷத்துக்குக் குவிந்து கிடந்தன. ஜப்பான்காரன் காலத்திலும், தின்ன மரவள்ளிக்கிழங்கு மட்டுமே இருந்தபோதும், யாரோ ஒரு புண்ணியவான் மழையை விடாமல் அளந்திருந்தான். தனி மாதத்தின் மழை குடித்தவன் நடை மாதிரி. இங்கும் அங்கும் தள்ளாடும். பன்னிரண்டு மாதத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் எந்தப் பக்கம் போகிறான் என்று தெரியும். ஆகவே ஒவ்வொரு மாதத்துக்கும் அதோடு முடியும் பன்னிரண்டு மாதங்களின் சராசரியைக் கண்டுபிடித்துப் பட்டியல் போட வேண்டும். ஓர் இடத்துக்கு முந்நூற்றுப் பதின்மூன்று வரி.

நான் எண்ணைச் சொல்வேன். பத்மினி கணக்கு மெஷினில் அந்த எண்ணை வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவாள். பன்னிரண்டு எண், பன்னிரண்டு சுற்று. பிறகு வகுக்க வேண்டும். பின்பக்கமாக மணி அடிக்கும்வரை சுற்றி, ஒன்று முன்னால் வந்து, அடுத்த இலக்கம். விடை வந்ததும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தை நான் எழுதுவேன், மிச்சத்தை விட்டுவிடுவது அலுவலக விதி. அவள் மெஷினை வழித்துத் துடைத்தாற்போலக் காலி செய்வாள். மறுபடி முதலிலிருந்து பன்னிரண்டு எண்.

பத்மினி காஜா பெராங்கில் செட்டிக் கம்பத்துப் பெண்; பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறி மலாயோடு கலந்துவிட்ட தமிழ் வம்சம். கும்பிடுவது நம் மாரியம்மனை, கட்டுவது சாரோங் கெபாயா, பேசுவது அவர்களுடைய மலாய். தமிழ் அவள் வீட்டில் பூஜைக்கு மட்டும் வந்துபோகும் விருந்தாளி. எனக்கும் அவளுக்கும் இடையில் ஆங்கிலம் கோப்புக்கு, மலாய் வாய்க்கு. 'துஜோ, அம்பாட், தீகா' என்று நான் சொல்ல, ஏழு புள்ளி நான்கு மூன்றை அவள் வைப்பாள். என்னை அவள் 'லூ' என்பாள், அதாவது நம் 'நீ'. அந்த 'நீ'யில் ஏதாவது இருக்கிறதா என்று ஆறு மாதம் ஆராய்ந்தேன். பிறகு அவள் பஸ் கண்டக்டரையும் அப்படியே கூப்பிடுவதைக் கேட்டேன்.

நானும் காஜா பெராங்கில்தான் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கிருந்து அலுவலகத்துக்கு நடந்து போகும்போது, மே மாதத்தில் ஒரு நாள், மூளை தானாக ஒரு வேலை செய்தது. ஒவ்வொரு வரியிலும் பன்னிரண்டு எண்ணைக் கூட்டுகிறோமே, அதில் பதினொன்று முந்தின வரியில் கூட்டியவைதானே? முந்தின சராசரியைப் பன்னிரண்டால் பெருக்கி, புது மாதத்தைச் சேர்த்து, ஒரு வருஷத்துக்கு முந்தைய மாதத்தைக் கழித்து, பன்னிரண்டால் வகுத்தால் போதும். ஒவ்வொரு விடையும் அடுத்த விடையைப் பெற்றுப்போடும். மூன்று வாரம் பிடித்த ஓர் இடம் இரண்டு நாளில் முடியும்.

புத்தியுள்ளவனாக இருந்தால், அவளோடு உட்காரும் நேரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் கண்டுபிடிப்பைச் சட்டைப்பையில் வைத்துத் தைத்திருப்பேன். நான் ஓடிப்போய் முதல் வேலையாக அவளிடமே சொன்னேன். அவள் அசந்து போக வேண்டும் என்று ஆசை.

அசந்துதான் போனாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். கோலாலம்பூரில் புள்ளிவிவர அலுவலகத்தை விரிவாக்குகிறார்கள். அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் முதல் தேதிக்குள் சேர வேண்டும். ஆனால் மழைப் பட்டியல் முடியாமல் அவளை அனுப்ப மாட்டேன் என்று பெரிய கிராணி பொன்னுதுரை சொல்லிவிட்டார். பதினெட்டில் மூன்றுதான் முடிந்திருந்தது. "நாட்டுக்கு விடுதலைத் தேதி குறித்தாயிற்று, எனக்கு மட்டும் பதினைந்து மழைமானி பாக்கி என்று நினைத்திருந்தேன், இப்போது முடியும் போலிருக்கிறதே" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதை ஏற்றிவைத்த மடையனும் நான்தான்.

பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர், சந்தேகத்தைச் சம்பளத்தோடு சேர்த்து வாங்குபவர். ஓர் இடத்துக்குச் செய்து பாருங்கள், கடைசி வரியைப் பழைய முறையில் சரிபார்ப்பேன் என்றார். புக்கிட் ரம்பாயை எடுத்துக்கொண்டோம். இரண்டே நாள். கடைசிச் சராசரி ஐந்து புள்ளி ஏழு ஒன்று. அவர் பன்னிரண்டு எண்ணையும் தாளில் தானே கூட்டி வகுத்தார். ஏழு புள்ளி இரண்டு இரண்டு.

"ஐசே, புக்கிட் ரம்பாயில ஒன்றரை அங்குல மழை எங்க போச்சுது?" என்றார். "நீங்கள் ரெண்டு பேரும் குடிச்சனீங்களோ?"

பழைய மாதிரியே செய்யுங்கோ என்று தாளைத் தள்ளினார்.

அன்று மாலை நான்கு மணிக்கு, பத்மினி முகம் கழுவப் போயிருந்தபோது, மழை எங்கே போனது என்று கண்டுபிடித்தேன். விடையில் இரண்டு இலக்கத்துக்குப் பின்னால் மிச்சத்தை விட்டுவிடுகிறோம் அல்லவா? பழைய முறையில் அதனால் கெடுதல் இல்லை. ஒவ்வொரு வரியும் புதிதாகப் பிறந்தது. புது முறையில், வெட்டிய அந்த விடையையே அடுத்த வரிக்கு எடுத்தோம். ஒவ்வொரு வரியிலும் சராசரியாக அங்குலத்தில் இருநூறில் ஒரு பங்கு சிந்திவிடுகிறது. முந்நூறு வரியில் ஒன்றரை அங்குலம். மருந்தும் உடனே தெரிந்தது. சராசரியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, வெட்டாத மொத்தத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அச்சடித்த படிவத்தில் மொத்தத்துக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் கட்டம் வந்துவிடும்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சத்து, கோசோங், லீமா" என்று அடுத்த எண்ணைச் சொன்னேன்.

மூன்று நாள் அப்படியே போயிற்று. மூன்று நாளும் அவள் எனக்கு எதிரே இருந்தாள். நான் வேண்டிக்கொண்டது அதுதானே? மணி அடித்தது, சுற்றினாள், காலி செய்தாள், முதலிலிருந்து தொடங்கினாள். குறை சொல்லவில்லை. மத்தியானம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வழக்கம்போல எனக்குப் பாதி வைத்தாள். அந்தச் சம்பல் எனக்கு உறைக்கக்கூட இல்லை; இதைவிட அவமானம் ஒரு தமிழனுக்கு வேறில்லை. கோலாலம்பூருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும், வர இயலாது என்று எழுதப்போகிறேன் என்று செவ்வாயன்று சொன்னாள். அப்போதும் நான் எண்ணைத்தான் சொன்னேன்.

வியாழன் காலை அவள் மேஜையில் ஓர் உறை, தபால்தலை ஒட்டி, வாய் மூடாமல் இருந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் எண்ணுக்காகக் காத்திருந்தாள். காதிலிருந்த பென்சிலை எடுத்து, படிவத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தேன்.

விளக்கி முடித்தபோது அவள் மெஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எப்போ தெரிஞ்சது?" என்றாள் மலாயில்.

"திங்கக்கிழமை."

"மூணு நாளா?"

"ஆமா."

"ஏன் சொல்லலை?"

இந்தக் கேள்விக்கு மூன்று மொழியிலும் என்னிடம் பதில் இருந்தது. வாயில் வந்தது, "லூப்பா." மறந்துவிட்டேன்.

அவள் கைப்பிடியை மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். மெஷினில் எண் எதுவும் இல்லை, சும்மா சுற்றினாள். "பாலன், உனக்குப் பொய் சொல்ல வராது. கணக்கு எழுதறதுக்கு நல்ல ஆள்" என்றாள். பிறகு உறையை இரண்டாகக் கிழித்து, தபால்தலையை மட்டும் பத்திரமாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு, "சரி, எண்ணைச் சொல்லு" என்றாள்.

இந்த முறை புக்கிட் ரம்பாய் ஏழு புள்ளி இரண்டு இரண்டில் வந்து நின்றது. பொன்னுதுரை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, சரிதான் என்பதை ஒரு துக்கச் செய்தி போல அறிவித்தார். மீதி இடங்கள் ஜூலை நடுவில் முடிந்தன. என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. அவ்வளவு விருப்பமில்லாமலும் செய்ததில்லை.

கிளம்பும் நாளில் பஸ் நிலையம்வரை அவள் பெட்டியைத் தூக்கிப் போனேன். அங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்கள், நீயும் எழுதிப்போடேன் என்றாள். சீனியர் கேம்பிரிட்ஜில் கணக்குத் தேறியிருக்க வேண்டுமாம். நான் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவன். அதை அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்காமல் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, தம்பின் ரயிலடிக்குப் போகும் அந்தப் பஸ் திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு என்ன சராசரி போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது எண்ணைச் சொல்பவனும் நான், சுற்றுபவனும் நான். மாதம் பிறந்தால் பதினெட்டு இடத்துக்கும் ஒவ்வொரு வரிதான் சேர்க்க வேண்டும். எட்டு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு முன் முடிந்துவிடுகிறது. மீதி நாள் முழுவதும் எனக்கே. பட்டியல் கோலாலம்பூருக்குப் போய், சரிபார்க்கப்பட்டு, நகல் திரும்பி வரும். செப்டம்பரில் வந்த நகலின் மூலையில், சரிபார்த்தவர் என்ற இடத்தில், பென்சிலில் ஒரு சின்னப் 'ப'. எங்கிருந்தோ அந்தத் தமிழ் எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் சாய்ந்திருந்தது. பிழை இருந்தால் கடிதம் எழுதிக் கேட்பார்களாம். பிழை இல்லாததால் கடிதம் இல்லை.

அக்டோபர்க் கணக்கை எழுத உட்கார்ந்தபோது, புக்கிட் ரம்பாய் வரியில் பேனா நின்றது. ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும். அவள் எழுதித்தான் ஆக வேண்டும்: பாலன், இந்த மழை எங்கே போனது? நான் பதில் எழுதுவேன். இரண்டு பக்கம் எழுதுவேன்.

ஆனால் இந்த மொத்தத்திலிருந்துதான் அடுத்த மாதத்து மொத்தம் பிறக்க வேண்டும், அதிலிருந்து அதற்கடுத்தது. அவள் அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போய்த் தேட வேண்டியிருக்கும், கை வலிக்க.

அந்த மாதம் புக்கிட் ரம்பாயில் மழை ஒன்பது புள்ளி ஒன்று ஆறு. ஒன்பது புள்ளி ஒன்று ஆறு என்றே எழுதி, மத்தியானத் தபாலில் சேர்த்தேன்.