வலது பக்கத்து இருக்கை

என் கணவரிடம் பிடித்தது என்ன என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். நான் பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். "உன் வீட்டுக்காரர் சரியான பூம்பூம் மாடு" என்று அக்கா கிண்டல் செய்வாள். அவள் வீட்டுக்காரர் அதைக்கூடச் செய்ய மாட்டாரே என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

இன்று அந்தப் பெருமை மண்ணாய்ப் போயிற்று. அவருக்குக் கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. சேர்வதற்குமுன் காதைச் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். என்னையும் வரச்சொன்னார். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தார். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். இடது காதுக்கு டக் டக்கென்று தூக்கினார். வலது காதுக்கு மாற்றியபின் கை மடியைவிட்டு எழும்பவே இல்லை.

"இது சின்ன வயசுலயே போன காதும்மா. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் சோதித்த பெண்.

வெளியே வந்ததும், ஏன் மறைத்தீர்கள் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சொன்னா கல்யாணம் நின்னுடும்னு பயந்தேன். அப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. எத்தனை நாள்தான் நடிக்கிறது? அதான் உன்னையும் கூட்டிட்டு வந்தேன்."

காது போனதற்காக யார் அழுதார்கள்? ஏழு வருஷத்துக்கு முன், கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். அவருக்கு வலது பக்கம், ஜன்னலோரம் நான். டாக்டர் கூடாதென்று சொல்லியும் தையல் மெஷினை நான் தூக்கி நகர்த்தியதை அவர் காதோரம் மெல்லச் சொன்னேன். மன்னிப்பீங்களா என்று கேட்டேன். பஸ் ஒரே இரைச்சல். அவர் தலையாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் இத்தனை வருஷம் அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டேன்.

இன்று திரும்பும் பஸ்ஸிலும் பழக்கதோஷத்தில் அவருக்கு வலது பக்கமே உட்கார்ந்தேன். அவர் என்னை எழுப்பி இடம் மாற்றிக்கொண்டார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வரும்போது ஒண்ணு சொன்னேன். தலையாட்டினீங்க."

"நீ அழுதுட்டிருந்தே. எதுவா இருந்தாலும் சரின்னு ஆட்டினேன்." நல்ல காதை என் வாயருகே கொண்டுவந்தார். "என்ன சொன்னே? இப்ப சொல்லு."

இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியாது.

"பசிக்குதுன்னு சொன்னேங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு உனக்கு நான் எதுவுமே வாங்கித் தரலையே" என்றார்.