ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு

ஹைடல்பெர்க் ஆய்வுக்கூடத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஓட்டோகார் ஸ்ட்ரான்ஷியம் பொடி தொட்ட கம்பியை மறுபடியும் தீயில் காட்டினான். சிவப்பாக எரிய வேண்டிய தீ மறுபடியும் வெறும் மஞ்சள்.

"அது உங்க கை வேர்வையோட உப்பு," என்றாள் உடன் வேலை பார்க்கும் ஹெட்விக். "அப்படி என்ன பயம் உங்களுக்கு?"

"என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேக்கணும். அதான்."

அவள் கம்பியைப் பிடுங்கி, அமிலத்தில் கழுவி, பொடியைத் தொட்டு நீட்டினாள். தீ செக்கச்செவேலென்று எரிந்தது. அவள் முகமும் சிவந்தது.

"வெக்கமா?"

"நினைப்புதான்! இது ஸ்ட்ரான்ஷியம் வெளிச்சம்."

ஓட்டோகார் எழுந்துபோய்த் திரையை விலக்கினான். பகல் வெளிச்சம் உள்ளே கொட்டியது. கம்பியில் பொடி எரிந்து தீர்ந்திருந்தது. அவள் முகத்துச் சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"என்ன பார்வை? போய்க் கையக் கழுவிட்டு வாங்க. இந்த வேர்வையோடவா மோதிரம் போடப்போறீங்க?"