தட்டில் விழுந்த வளையம்

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவள் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிருமி வளர்க்கும் அந்தத் தட்டில் இருந்தது அவள் கணவரின் காலிலிருந்து எடுத்த சீழ். பட்டறையில் ஆணி குத்திய காயம். தச்சருக்கு ஆணி குத்துவதெல்லாம் ஒரு செய்தியா என்று இருவருமே அசட்டையாக விட்டுவிட்டார்கள். இப்போது முழங்கால் வரை வீக்கம். காலை எடுக்க வேண்டிவருமோ என்று டாக்டர் இழுக்கிறார்.

மருந்து தோய்த்த காகித வில்லைகளைத் தட்டில் வைத்திருந்தாள். மருந்து வேலை செய்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவாக ஒரு வளையம் விழும். ஒரு காலத்தில் இதே மருந்துகளைக் கண்டால் கிருமிகள் பெட்டிப்பாம்பாய் அடங்கின. அரைகுறையாக வாங்கி, அரைகுறையாக விழுங்கி, நாமே அவற்றுக்குச் சண்டை பழக்கிவிட்டோம். இந்தத் தட்டில் வில்லைகளின் விளிம்பு வரை கிருமி மேய்ந்திருந்தது. ஒன்றைச் சுற்றி மட்டும் வளையம். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறது என்று எப்போதோ மூலையில் போட்ட பழைய மருந்து அது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஊசி ஆரம்பித்தார்கள். நாலைந்து நாளில் ஜுரம் விட்டது, வீக்கம் வடிந்தது. "கால் தப்பிச்சிடும். ஆனா மருந்தை முழுசா முடிக்கணும்" என்றார் டாக்டர்.

கிருமி பரவாதிருக்கக் கையுறையும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு அவள் அவர் இருந்த அறைக்குள் போனபோது, கணவர் நர்ஸிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

"சரியாப் போச்சில்ல, மீதி ஊசி எதுக்கு? நீயாவது சொல்லும்மா. எடுத்து வைக்கட்டும், நாளைக்கு உனக்கு ஆகும்."

"எனக்கா?"

"நான் எப்பவும் அப்படித்தானே! உளி கிழிச்சாலும் ரெண்டு நாள்தான் மாத்திரை. வலி விட்டதும் மீதிய உனக்குன்னு வச்சிடுவேன். உனக்குத்தான் அடிக்கடி தொண்டை கட்டுதே."

மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் வாய் வலிக்கச் சொன்னவள் அவள். அவர் உள்ளங்கையில் வைத்து நீட்டிய மாத்திரைகளை, எங்கிருந்து வந்தன என்று ஒரு வார்த்தை கேட்காமல் விழுங்கியவளும் அவள்தான். திட்ட வாயெடுத்தாள்; அழுகைதான் வந்தது. இந்த மனிதரின் அன்பை என்ன சொல்லித் திட்டுவது?

கையுறையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எனக்குன்னு எதையும் மிச்சம் வைக்காதீங்க. நீங்க மிஞ்சினா போதும்."

அவர் இன்னொரு கையை ஊசிக்கு நர்ஸிடம் நீட்டினார்.