அயோனின் இருக்கை

ஆர்டிஸ் ட்வைட்டின் பண்ணைக்குப் பின்னால், காற்றை மறிக்க நட்ட எல்ம் மரங்களுக்கு அடியில் நீளமான பழைய பச்சை ஸ்டேஷன் வேகன் கார் ஒன்று முப்பது வருடமாக நின்றிருந்தது. அதே மாடல் என் ஷெட்டிலும் இருந்தது. ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் அதை ஓட்டிக்காட்ட வேண்டும் என்று இரண்டு குளிர்காலமாக அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஆர்டிஸிடம் போய், சில பாகங்களைக் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவருக்கு எழுபது வயது. கணவர் இறந்த பிறகு, தங்கை அயோனைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தார். அயோன் அறுபதைத் தாண்டியவள். பிறவியிலேயே பேச்சும் புரிதலும் மெதுவாக வந்தவள்.

"வேணுங்கறதைக் கழட்டிக்கோ, வெர்லின். எலி தின்னுறதுக்கு நீ கொண்டுபோறது மேல்," என்றார் ஆர்டிஸ். "பின்கதவையும் கடைசி சீட்டையும் மட்டும் தொட்டுடாதே. அது அயோனோடது."

கடைசி இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். அவர்கள் பிறந்த வீட்டில் ஏழு பிள்ளைகளும் இந்த வண்டியில் போன காலத்திலேயே அது அயோனின் இடம். இப்போதும் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் ஏறி, கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.

"எங்கடி போறேன்னு கேட்டா, போயாச்சுன்னு சொல்லுவா," என்று ஆர்டிஸ் சிரித்தார்.

கார்புரேட்டர், முன் கிரில், கதவுக் கைப்பிடிகள், ஸ்டியரிங் எல்லாவற்றையும் மூன்று சனிக்கிழமைகளில் கழற்றிக்கொண்டு வந்தேன். என் வண்டியில் பின்கதவு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. கடைசி இருக்கையில் ஸ்பிரிங் மட்டும்தான் மிச்சம். இரண்டு மாநிலங்களில் உள்ள பழைய இரும்புக் கடைகளையெல்லாம் சலித்துவிட்டேன். கிடைக்கவில்லை.

ஜூன் மாதம் அயோனின் கண் அறுவை சிகிச்சைக்காக இருவரும் சூ ஃபால்ஸ் நகரத்துக்குப் போனார்கள். இரண்டு நாள் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் நாள் தீவனம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் ஸ்பேனர்களோடு போனேன். பட்டப்பகலில், ஒன்றரை மணி நேரத்தில், கதவும் இருக்கையும் என் பிக்கப் டிரக்கில் ஏறிவிட்டன. உட்கார ஒரு இடம் இருந்தால் அவளுக்குப் போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரும்பு மடக்கு நாற்காலி ஒன்றை அந்த இடத்தில் விரித்து வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆர்டிஸ் தொலைபேசியில் அழைத்தார்.

"நீ இருந்தப்ப இங்க யாராவது வந்தாங்களா, வெர்லின்?"

"நான் யாரையும் பாக்கலையே. என்ன ஆச்சு?"

"பின்கதவையும் சீட்டையும் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். பதிலுக்கு ஒரு நாற்காலிய வச்சிட்டுப் போயிருக்கான், பாரேன். மரியாதை தெரிஞ்ச திருடன்."

அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

"இந்த வண்டியெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி. வேற எங்கயாவது கிடைக்குமான்னு பாரு. அயோன் கண் கட்டோட அங்க போய் நின்னுட்டு நின்னுட்டுத் திரும்பி வர்றா."

"தேடிப் பாக்கறேன்," என்றேன்.

தேடுவதற்குப் பதிலாக, கதவுக்கு என் வண்டியின் மஞ்சள் வண்ணத்தைப் பூசி என் வண்டியில் மாட்டினேன். அந்த வாரக் கடைசியில், கோழிகளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல, ரூபார்ப் தண்டு போட்டுச் செய்த கேக்கோடு இருவரும் முன்னறிவிப்பில்லாமல் வந்துவிட்டார்கள். ஷெட் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அயோன் என் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

புது வண்ணத்தை அவள் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய், கைப்பிடியைத் திருகி, கதவைத் திறந்து ஏறிவிட்டாள். இருக்கையில் ஒரு கிழிசல் இருந்தது. எப்போதோ அவளே தூண்டில் நரம்பால் தைத்தது. அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போயாச்சு," என்றாள்.

ஆர்டிஸ் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேக் அவர் கையிலேயே இருந்தது.

"அந்த நாற்காலி உன்னோடதா?"

"ஆமா."

"இரும்பு நாற்காலி. வெயில்ல சுடும்னு உனக்குத் தோணலையா?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேக்கை மேசையில் வைத்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டார். அயோன் இறங்க மாட்டேன் என்றாள். அக்கா கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் நான்தான் பக்கத்தில் போனேன்.

"நான்தான் எடுத்தேன், அயோன். சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்து மாட்டிடறேன்."

கட்டுப் போடாத கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"என்னைக் கேக்கலையே."

"கேக்கலை."

அவள் தானாகவே இறங்கினாள்.

சொன்னபடி அன்று மாலையே மாட்டினேன். பச்சை வண்டியின் பின்னால் என் மஞ்சள் கதவு தொலைவிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. முன்பு எடுத்த கிரிலையும் ஸ்டியரிங்கையும்கூடத் திருப்பிக் கொடுக்க ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். ஆர்டிஸ் சமையலறைக் கதவருகே நின்று, "அதெல்லாம் நான் குடுத்தது. எடுத்துட்டுப் போ," என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவற்றை மறுபடி ஒவ்வொன்றாக பிக்கப்பில் ஏற்றினேன்.

ஊரில் அவர் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூட நான் சொல்லித்தான் தெரியும். அதையும் இலையுதிர் காலத்தில்தான் சொன்னேன்.

கதவை மாட்டிய அன்று நான் கிளம்பும்போது அயோன் வந்து தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் பார்க்கிற அந்தச் சாலையில்தான் நானும் போயாக வேண்டும். அரை மைலுக்கு அது வளைவே இல்லாமல் நேராகப் போகும்.