மூஞ்சியில் முழிக்காதே

தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று கட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அதுவும் ராத்திரி தலைக்கு வைத்துப் படுக்கிற என்னுடைய ஒரே தலையணை. அதன்மேல் சிவப்புத் துணியில் தைத்த அங்கி. முகத்தில் பாண்டிச்சேரியிலிருந்து வாங்கி வந்த கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி. அட்டையில் செய்து பஞ்சு தாடி ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒரே பசை நாற்றம். விட்ட மூச்சே திரும்பி வந்தது.

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் வருஷா வருஷம் கார்த்திகை தீபம் கழிந்ததும் எங்கள் பொருட்காட்சி கொட்டகை போடும். மாட்டுப் பொங்கல் முடிந்ததும் பிரித்துவிடுவோம். கையால் தள்ளுகிற ராட்டினம், வளையம் வீசுகிற கடை, வாசலில் ஒரு பபூன். அந்தப் பபூன் நான்தான், கோவிந்தசாமி. பதினெட்டு வருஷம் கரணம் போட்டதில் இடது முட்டி தேய்ந்து போயிற்று. இப்போதெல்லாம் கரணமே வேண்டாம், நான் நொண்டி நடப்பதற்கே ஜனம் சிரிக்கிறது. சிரித்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அறுபத்தாறாம் வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மைதானம் சேறாகி, ராட்டினம் இரண்டு வாரம் சும்மா நின்றது. எங்கள் முதலாளி வாசுபூஜ்யன் சமணர். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். எங்கள் தொழிலோ பொழுது சாய்ந்துதான் ஆரம்பம். ஐந்தரைக்கே சாப்பிட்டுவிட்டு வந்து வெறும் வாயோடு உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது.

“சுத்துப்பட்டுல எத்தினி வேதக்காரங்க ஊரு இருக்குது! அவங்களுக்குன்னு ஒரு நாள் வெச்சா வராமயா பூடுவாங்க? இருபத்தி நாலாந்தேதி ராத்திரிதான் அவங்க சாமி பொறக்குதாம். உங்க சிவராத்திரி மாதிரி முழிச்சிக்கினு இருப்பாங்க. பன்னண்டு மணி வரிக்கும் பொழுது போவணும்ல? இங்க வரட்டும்.”

சிவராத்திரிக்கு விடிய விடிய சினிமா பார்க்கிற ஜனம் நாங்கள். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஊர் ஊராகத் தமுக்கு அடிப்பது, வாசலில் முகமூடி மாட்டிய ஒரு கிறிஸ்துமஸ் தாத்தாவை நிறுத்துவது என்று முடிவாயிற்று. தாத்தா வேஷம் நானே கட்டுகிறேன் என்றேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். சொன்ன வேலைக்கே முனகுகிறவன் நான்.

காரணம் என் மகள் பூவாயி. தாய் இல்லாத பெண். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேதக்காரக் கொத்தனாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள், கட்டிக்கொண்டும் வந்தாள். மாலையோடு வாசலில் நின்றவளைப் பார்த்து, “இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத” என்றேன். கோபத்தில் எல்லாரும் சொல்கிறதுதான். அவளோ என் மகள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அப்புறம் முழிக்கவே இல்லை. பெண்குழந்தை பிறந்ததை அடுத்தவர் சொல்லித்தான் கேட்டேன். பனமலைப் பக்கம்தான் இருக்கிறாள், பஸ் ஏறினால் போய்விடலாம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது?

முகமூடி என்றதும்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. வேதக்காரர்கள் எல்லாரும் வந்தால் அவளும் வருவாள். உள்ளேயிருந்து பேத்தியை ஒரு தடவை பார்த்துவிடலாம். கையில் ஒரு மிட்டாய் வைத்துவிடலாம். அவளுக்கும் தெரியாது, என் வீம்பும் கெடாது.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. மூங்கில் நட்சத்திரத்துக்குள் பல்பு எரிந்தது. ஆறு மணிக்கு வாசலில் நின்றேன். ஏழாயிற்று. உள்ளூர்ப் பிள்ளைகள் நாலு பேர் வந்து என் தொப்பையைக் குத்திவிட்டு மிட்டாயோடு ஓடினார்கள். அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கா இல்லை.

சாலையில் சைக்கிளில் ஒருவர் போனார். கழுத்தில் சிலுவை. முதலாளியே ஓடிப்போய் நிறுத்தினார்.

“ஏங்க, உங்காளுங்க ஒருத்தரும் வரலியே?”

“இன்னிக்கா? இன்னிக்கு எவன் வருவான்? வூட்டுக்கு வூடு எண்ணெச் சட்டி வெச்சிருக்குது. பலகாரம் சுட்டு, குளிச்சி, புதுத்துணி கட்டிக்கினு ராத்திரி பூசைக்குப் போவணும். நாளைக்கு வெச்சிருந்தா ஊரே வந்திருக்கும்.”

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். நாளைக்கு மைதானத்தை எலெக்‌ஷன் கூட்டத்துக்கு விட்டாயிற்று.

எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது. அதற்கும் தெம்பில்லை. முட்டி வலித்தது. அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுதால் துடைக்கக்கூட முடியாது. ராட்டினக்காரர்கள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

அப்போது பஸ் ஒன்று நின்று போனது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தாள். பூவாயி. கையெல்லாம் மாவு, கழுவாமல்கூட வந்திருந்தாள்.

நான் வாய் திறக்கவில்லை. குரல் காட்டிக்கொடுத்துவிடும். மிட்டாயை நீட்டினேன். குழந்தை கொஞ்சமும் பயப்படாமல் தாடியைப் பிடித்து இழுத்தாள்.

“தாத்தாவுக்கு ஒரு முத்தம் குடு.”

கிறிஸ்துமஸ் தாத்தாவைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தை அட்டைக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அது எனக்கு வந்து சேரவில்லை.

“முட்டிக்கு எண்ண தடவுறியா இல்லியா நைனா?” என்றாள் பூவாயி. “நிக்கிறதே கோணலா இருக்குது.”

மிட்டாய் டப்பாவைக் கீழே வைத்தேன்.

“தமுக்கு அடிக்க வந்தவரு சொன்னாரு, நீதான் இன்னிக்கு வேஷம்னு. உன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னியே. இன்னிக்குத்தான் மூஞ்சிய மூடிக்கினு நிக்கிற. சட்டிய எறக்கி வெச்சிட்டு ஓடியாந்தேன். எட்டரை பஸ்ஸுக்குப் போவணும், பூசை இருக்குது. உன் பேச்ச நான் மீறல, பாத்துக்கோ.”

நாலு வருஷம். நான் துப்பிய ஒரு சொல்லை இவள் இப்படிக் கட்டிக் காத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. முகமூடியின் முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை, பிய்த்து எடுத்தேன். முகத்தில் குளிர்காற்று பட்டது.

குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “தாத்தா எங்க? தாத்தா எங்க?” என்று அழுதாள்.

“அழாதடி. இதான்டி தாத்தா. நல்லாப் பாரு” என்று சொல்லிக்கொண்டே, பூவாயி என் மூஞ்சியில் முழித்தாள்.