டாம்சின் பூட்டியின் மேடு

அணை எழும்பினால் பள்ளத்தாக்கு முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். உயிரோடு இருந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். செத்தவர்கள் குழியை விட்டுக் கிளம்ப வேண்டுமானால், இவர் எனக்கு இன்ன உறவு என்று யாராவது வம்சத்தைச் சொல்லி நிரூபிக்க வேண்டும்.

அல்மெடாவால் டாம்சின் பூட்டியை விட்டுப் போக முடியாது. கரோலினாவிலிருந்து மலை தாண்டி வந்து, இந்த டென்னஸி மண்ணில் குடும்பத்தின் முதல் சோளத்தை விதைத்தவள் டாம்சின். அவளுக்காக அல்மெடா அழுததெல்லாம் கிடையாது. அவள் அழுதது, டாம்சினைப் புதைத்த அதே குழிக்குள் இருந்த தன் ஒரே குழந்தைக்காக. பேர் வைக்கும் முன்பே போய்விட்ட பெண் அது. அல்மெடா பிரசவப் படுக்கையில் கிடக்க, பனியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன புருஷன் ரூஃபஸ் திரும்பி வந்து, "தனியா விடல. பூட்டி மார்லயே வெச்சுட்டு வந்திருக்கேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவள் முப்பது வருஷம் ஓட்டினாள்.

ஆகவே கோவேறு கழுதையில் ஏறி மலை மலையாக அலைந்தாள். டாம்சினுக்கு மகன் யார், அவனுக்கு மகள் யார் என்று பல் போன வாய்களிலிருந்து ஒவ்வொரு பேராகப் பிடுங்கினாள். கிடைத்தவர்களும் லேசுப்பட்டவர்களா, பாதிப் பேர் சண்டைக்காரர்கள், மீதிப் பேர் சாராயம் காய்ச்சியவர்கள். கடைசியில் ஹோசியா பெரியப்பா வீட்டில்தான் வினை காத்திருந்தது.

"டாம்சினா? அவ இங்க எங்க இருக்கா? புருஷன் போனதும் தங்கச்சியப் பாக்கறேன்னு கரோலினா போனவ, அங்கயே முடிஞ்சா. இங்க ஒரு கல்ல நட்டாங்க, அவ்வளவுதான்."

"உங்களுக்கு வயசாயிடுச்சு, பெரியப்பா."

"ஆனதாலதானடி தெரியுது."

"அப்ப வருஷா வருஷம் வெறுங்கல்லுக்கா மண்ணு அணைச்சோம்?"

"பின்ன? எங்கம்மாவும் அணைச்சா."

அவள் காப்பியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள். வழக்கம் அவளுக்கும் தெரிந்ததுதான். வெளியூரில் செத்தவருக்கும் சொந்த மண்ணில் ஒரு கல் உண்டு. மே மாதம் எல்லோரும் கூடிப் புல் செதுக்கி, எல்லா மேட்டுக்கும் ஒரே மாதிரி மண் குவித்துப் பூ வைப்பார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று மேலே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பெரியப்பா சொன்னதை அவள் எவரிடமும் மூச்சு விடவில்லை.

தோண்டுகிற அன்று மேஸ்திரி பர்ல் இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தான். பெரியது பக்கத்து மேட்டுக்குள் கிடந்த ரூஃபஸுக்கு. சின்னது பூட்டிக்கும் குழந்தைக்கும்.

"எலும்பெல்லாம் எதிர்பாக்காதீங்கம்மா. கொஞ்சம் கறுத்த மண்ணு கிடைக்கும்."

"அது போதும்பா."

பூட்டியின் மேட்டைத்தான் முதலில் வெட்டினார்கள். குவித்த மண் போனதும் மஞ்சள் களிமண் வந்தது. முழங்கால் ஆழம், இடுப்பாழம், மார்பாழம் என்று அதே களிமண்தான் இறுகி வந்தது. உழுது பிழைத்தவளுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் களிமண்ணில் இன்றைக்கு முன்னால் ஒரு மண்வெட்டியும் பட்டதில்லை. டாம்சினுக்காகவும் படவில்லை, குழந்தைக்காகவும் படவில்லை.

பர்ல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "கொஞ்சம் தள்ளி வெட்டிப் பாக்கட்டுமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். குழந்தை போன அந்தக் குளிர்காலத்தில் நிலம் கல்லாக உறைந்து கிடந்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. மண்வெட்டி இறங்காமல் ரூஃபஸ் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைத்தான்? பாறை இடுக்கிலா? ஆற்றிலா? பாவி, சாகிற நேரத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். அவள் மனம் நோகக்கூடாதென்றுதான் சொல்லாமல் போயிருப்பான் என்பதும் தெரிந்தது. அதனால் எரிச்சல் குறையவில்லை.

ஆட்கள் ரூஃபஸின் மேட்டுப் பக்கம் நகர்ந்தார்கள்.

"அவரத் தோண்ட வேண்டாம்" என்றாள்.

"பெட்டி கொண்டாந்துட்டோமே. தண்ணி வந்துரும்மா."

"வரட்டும். புள்ளையும் இந்தப் பள்ளத்தாக்குலதான் எங்கயோ கெடக்கு. எங்கன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான். அவராவது அதுங்கூட இருக்கட்டும்."